ஸ்டெப்னி சாரும் நாலு டிஸ்க்கும்

அன்றைக்கு முதலாளி அறையில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். நாற்காலியில் முதலாளி. அவருக்குப் பக்கத்தில், கொள்முதல் பார்க்கும் அவருடைய மச்சினர். கணக்கு எழுதும் ஸ்டெல்லா மேடம். ஏசியைச் சரிசெய்துவிட்டு, குளிர்ச்சி ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கிற சாக்கில் அங்கேயே நின்றுவிட்ட எலக்ட்ரீஷியன் ஏழுமலை. கதவோரம், ஸ்டோர்ஸ் பார்க்கிற நான். ஆறாவது ஆள் ஸ்டெப்னி சார். ஆறு பேரையும் நான் இரண்டு தடவை எண்ணினேன். எண்ணுவது என் வேலை. மறுபடியும் எண்ணுவது என் வியாதி.

ஸ்டெப்னி சாரைப் பற்றி ஒன்றை அடித்துச் சொல்வேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை நம்பாத, கரண்டை நம்பாத, தன் சட்டைப் பையையே நம்பாத ஒரே மனிதர் அவர்தான். இங்கிருந்து தேர்வாய் கண்டிகை வரைக்கும் பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. விசிட்டிங் கார்டில் போட்டிருந்தது. ஆனால் கார்டு கொடுக்கும்போது, "ஒண்ணு தொலஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும்" என்று இரண்டாகக் கொடுப்பார். நாங்கள் இரண்டையும் ஒன்றாக வைத்து, இரண்டையும் ஒன்றாகவே தொலைத்துவிடுவோம்.

ஸ்டெப்னி என்ற பெயரை வைத்தது கவரைப்பேட்டை பக்கத்தில் வண்டிகளை மறித்து நின்ற ஒரு போலீஸ்காரர். சார் தலையில் ஒரு ஹெல்மெட், பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய இன்னொரு ஹெல்மெட்.

"பின்னாடி குந்தியிருந்த ஆளு எங்கய்யா?"

"ஆளு இல்ல சார். தலைல கீறதுக்கு இது ஸ்பேர்."

"ஹெல்மெட்டுக்கு ஸ்டெப்னி வச்சிக்கினு போற ஆள இன்னிக்குத்தான்யா பாக்கறேன்" என்று அவர் அனுப்பிவிட்டார். பின்னால் டீக்கடையில் நின்ற எங்கள் லாரி டிரைவர் காதில் அது விழ, சாயங்கால ஷிப்டுக்குள் தொழிற்பேட்டை முழுக்கப் பெயர் பரவிவிட்டது.

அவரிடம் எல்லாமே இரண்டு. மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. இரண்டு போன். தினமும் காலையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கூப்பிட்டு, "ஹலோ, கேக்குதா?" என்பார். மற்ற காதில் அவர் குரலே கேட்டதும், "கேக்குது" என்று தனக்குத்தானே பதில் சொல்லி வைத்துவிடுவார். மதியச் சாப்பாட்டுக்கும் இரண்டு டப்பா. இரண்டிலும் ஒரே எலுமிச்சைச் சாதம். ஒன்று வண்டிப் பெட்டியில், ஒன்று தோள் பையில்.

ஏழுமலை பள்ளிப்பட்டுக்காரன். வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் கேட்டேவிட்டான். "சார், எல்லாத்துக்கும் ஸ்பேர் வச்சிகிறீங்க. ஊட்ல எப்படி?"

சார் முகம் மாறவேயில்லை. "அந்த ஒரு எடத்துல மட்டும்தான்பா ஸ்பேர் வச்சா மெயினும் சேந்து பூடும்."

அவருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. 'ஒண்ணும் ஆகாது.' அவர் முன்னால் யாராவது அதைச் சொன்னால், பையிலிருந்து ஒரு டைரியை எடுப்பார். தேதி, நேரம், சொன்னவர் பெயர், எந்தப் பொருளைப் பற்றிச் சொன்னார் என்று நாலு கட்டத்தில் எழுதுவார். பிறகு அந்தப் பொருள் கெட்டுப் போனால், ஐந்தாவது கட்டத்தில் ஒரு டிக். எங்கள் முதலாளிக்கு மட்டும் தனிப் பக்கம் ஒதுக்கியிருந்தார். பக்கம் முழுக்க டிக்.

அந்த டைரியில் என் பெயர் கிடையாது. நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. எனக்கு எதைப் பார்த்தாலும் ஏதாவது ஆகும் என்றுதான் தோன்றும். பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பேன், கேட் வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஸ்டெப்னி சார் ஒருவர்தான் நின்று பார்த்துவிட்டு, "கரெக்டு ணா. மொத தபா இழுத்தது பூட்டுக்கு. ரெண்டாவது தபா நமக்கு" என்றார். என்னைவிட அவர் ஏழெட்டு வயது இளையவர். கூடப் பிறந்தவர்கள்கூட என் பயத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சுமை தூக்கத்தான் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். லாரிகளுக்கும் கார்களுக்கும் போகிற இரும்பு வாஷர் செய்யும் கம்பெனி. தூக்கின மூட்டையை எல்லாம் எண்ணிக் குறித்து வைக்கிற என் வியாதியைப் பார்த்து முதலாளி ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார். எந்த இரும்புச் சுருள் என்றைக்கு வந்தது, அதிலிருந்து எந்த வாஷர் அடித்தார்கள், எத்தனை மூட்டை எங்கே போனது, எல்லாம் ஒற்றை விரலால் நான் கம்ப்யூட்டரில் அடித்து வைத்ததுதான்.

போன வருஷம் பழைய கம்ப்யூட்டரில் இருந்த ஒரே டிஸ்க் செத்தது. மூன்று மாதப் பதிவு போயிற்று. கையால் எண்ணிப் பார்த்தபோது பதினோரு மூட்டை குறைந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உன் மேல சந்தேகம்லாம் இல்ல நைனா. சாவி யார்கிட்ட கீதுன்னுதான் கேக்கறேன்" என்றார்.

சாவி என்னிடம்தான் இருந்தது. வாங்கின கம்பெனிக்காரர்கள் தங்கள் ரசீதைத் தேடி எடுத்து, பதினோரு மூட்டையும் தங்களிடம் வந்துவிட்டது என்று எழுதி அனுப்பப் பத்தொன்பது நாள் ஆனது. அந்தப் பத்தொன்பது நாளும் சாப்பாடு இறங்கவில்லை. டிப்ளமோ படித்தவன் என்றால் வேறு கம்பெனிக்குப் போய் சர்டிபிகேட்டை நீட்டலாம். என்னிடம் நீட்ட என்ன இருக்கிறது? அந்தப் பதிவுகள்தான் என் மார்க் ஷீட். அதனால்தான், புது சர்வர் வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், யாரும் கூப்பிடாமலே கதவோரம் போய் நின்றேன்.

சர்வருக்கு நாலு டிஸ்க் என்று முடிவாகிவிட்டது. நாலையும் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் பஞ்சாயத்து. அதற்கு மூன்று முறை, மூன்றுக்கும் நம்பர். ஜீரோ, ஐந்து, பத்து. ஒரு டிஸ்க் இரண்டு டீபி, அதாவது டெராபைட், கொள்ளும். ஜீரோவில் போட்டால் நாலும் சேர்ந்து எட்டு. ஐந்தில் ஆறு. பத்தில் வெறும் நாலு.

மச்சினர் கொட்டேஷனைத் தட்டினார். "எட்டு கிடைக்கறப்ப எதுக்கு மாமா நாலு? ஜீரோல போடு. ஒண்ணும் ஆகாது."

டைரி வெளியே வந்தது. சார் நிதானமாக எழுதி முடித்துவிட்டு, பையிலிருந்து டெலிவரி சலான் ஒன்றை எடுத்து நாலாகக் கிழித்தார்.

முதலாளி பதறினார். "யோவ், அது இன்னிக்கு சலான்யா."

"ஜெராக்ஸ்தான் மொதலாளி. ரெண்டு எடுத்தேன்."

ஆளுக்கு ஒரு துண்டாக மச்சினர், ஸ்டெல்லா மேடம், ஏழுமலை, நான் என்று நாலு பேருக்கும் கொடுத்தார். "நீங்க நாலு பேரும் நாலு டிஸ்க். இதான் ஜீரோ. ஏழுமல, நீ போய் டீ சொல்லிட்டு வா." துண்டோடு அவன் வெளியே போனதும், "இப்ப சலான படிங்க மொதலாளி" என்றார்.

முதலாளி மூன்று துண்டையும் மேஜையில் ஒட்ட வைத்துப் பார்த்தார். யாருக்குப் போகிறது, எத்தனை மூட்டை என்கிற மூலையெல்லாம் ஏழுமலையோடு போய்விட்டது.

"ஒரு டிஸ்க் செத்தா நாலுமே சாவும். அதான் ஜீரோ."

ஏழுமலை டீயோடு வந்ததும் அடுத்தது. ஸ்டெல்லா மேடத்திடம் பன்னிரண்டு என்று எழுதிக் கொடுத்தார். மச்சினரிடம் ஏழு. ஏழுமலையிடம் ஒன்பது. என்னிடம் மூன்றின் கூட்டுத்தொகை, இருபத்தெட்டு. "ஏழுமல, மறுபடி வெளிய போ."

"சார், டீ ஆறிப்பூடும்."

"கப்பு எடுத்துக்கினு போ."

அவன் போனதும் ஸ்டெல்லா மேடம் கணக்குக்காரர் அல்லவா, பட்டென்று, "இருபத்தெட்டுல பன்னெண்டும் ஏழும் போனா ஒம்போது. ஏழுமலைகிட்ட ஒம்போது" என்றார்.

முதலாளி மேஜையைத் தட்டினார். "அப்டி போடு. இதான் அஞ்சா? இதே போதும். ஆறும் கிடைக்குது, ஒருத்தன் பூட்டாலும் கணக்கு நிக்குது."

"நிக்கும் மொதலாளி. ஆனா ஏழுமல எடத்துல புது ஆளு வந்தா, மத்த மூணு பேரும் மொதல் வரிலேந்து ஒவ்வொண்ணா கழிச்சிக் கழிச்சிச் சொல்லணும். நாள் பூரா ஓடும். அந்த நேரத்துல இன்னொருத்தரும் எழுந்து போய்ட்டா..."

சொல்லி வாய் மூடவில்லை. மச்சினரின் போன் அடித்தது. "ஹலோ, சொல்லுபா" என்று தன் துண்டுச் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் எழுந்து வெளியே போனார்.

ஸ்டெல்லா மேடம் என் சீட்டையும் தன் சீட்டையும் பார்த்துவிட்டுச் சொன்னார். "இப்ப ரெண்டு பேருக்கும் சேத்து பதினாறுன்னு மட்டும்தான் சார் தெரியும். ஏழும் ஒம்போதும்னும் சொல்லலாம். எட்டும் எட்டும்னும் சொல்லலாம்."

"அவுரு உங்ககிட்ட சொல்லி வச்சிக்கினு போன மாதிரியே கீது" என்றார் முதலாளி, சாரைச் சந்தேகத்தோடு பார்த்து.

கடைசியாகப் பத்து. அது ஜோடி முறை. ஒருவரிடம் எழுதினதை அப்படியே அவர் ஜோடியிடமும் எழுதுவது. ஒருவர் போனால் மற்றவர் படிப்பார். புது ஆள் வந்தால் ஜோடியைப் பார்த்துக் காப்பி அடித்தால் போதும், கூட்டல் கழித்தல் இல்லை.

எனக்கு அடக்க முடியவில்லை. "சார், ஜோடில ரெண்டு பேரும் ஒண்ணா செத்துட்டா?"

"கேட்டார் பாரு" என்று சார் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "அப்ப பூடும் ணா. அதுக்குத்தான் தெனமும் தனியா ஒரு காப்பி எடுத்து வெளிய வைக்கணும்."

"நான் நூறு மூட்டைக்கு பதிலா ஆயிரம்னு அடிச்சிட்டா, அந்த ஜோடி டிஸ்க் சொல்லுமா?"

"சொல்லாது. அதே தப்ப அதுவும் அழகா எழுதிக்கும். அதுக்கும் அந்தக் காப்பிதான்."

முதலாளிக்கு மனசு வரவில்லை. "எட்டுக்கு டப்பு குடுத்துட்டு நாலு வாங்கிக்கினு போவறதா? இதுல தெனமும் காப்பி வேற. ரெண்டு பேரு சும்மா நிக்க சம்பளமா நைனா?"

நான் எப்படிப் பேசினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. "மொதலாளி, போன வருஷம் அப்டி ஒருத்தர் சும்மா நின்னிருந்தா, சாவி யார்கிட்ட கீதுன்னு நீங்க என்னக் கேட்டிருக்க வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டீ கப்பைப் பார்த்தார். "சரி. ஜோடியே போடுங்க. காப்பி கதய அப்பால பாக்கலாம்" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் இது டிஸ்க் கதை. முடியவில்லை. இனிமேல் சொல்லப் போவது, முதலாளி பத்திரிகை படிக்க மாட்டார் என்கிற தைரியத்தில் சொல்வது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். கம்பெனி முழுக்கக் கழுவி, பிரஸ் மெஷினிலிருந்து எடை மேடை வரைக்கும் சந்தனம், குங்குமம். ஏழுமலையின் டெஸ்டருக்குக்கூடப் பொட்டு. சர்வர் பெட்டிக்கும் கதவில் ஒரு பொட்டு வைத்தாயிற்று. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை.

"ஏழுமல, ஸ்பானர் பெட்டிக்கா பொட்டு வைக்கிறோம்? பெட்டியத் தொறந்து ஸ்பானருக்குத்தானே வைக்கிறோம்?"

அவன் யோசித்தான். "நியாயம்தான் ணா."

ஸ்டெப்னி சார் சொல்லிக் கொடுத்தபடி சர்வரை முறையாக அணைத்தேன். அதுவரைக்கும் ஒழுங்கு. பிறகு நாலு டிஸ்க்கையும் உருவி, ஈரத்துணியால் பயபக்தியோடு துடைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று விரலால் சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம் வைத்து, வாழை இலையில் பொரி கடலைக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினோம். கற்பூரம் காட்டும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. பூஜை முடிந்து நாலையும் நாலு ஓட்டையில் சொருகினோம். எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிற நான், அதை எண்ணவில்லை.

லீவு முடிந்த அன்று மதியம் இரண்டு மணிக்கு, எங்களிடம் பெரிய அளவில் வாஷர் வாங்குகிற கம்பெனியிலிருந்து பதிவுகளைச் சரிபார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. எந்த வாஷரைக் காட்டிக் கேட்டாலும், அது எந்தச் சுருளிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் முதலில் போவது யார் என்று எனக்குத் தெரியும்.

காலை ஏழரைக்கே வந்து சர்வரைப் போட்டேன். கூவ ஆரம்பித்துவிட்டது. மூன்று விளக்கு பச்சை, ஒன்று ஆரஞ்சு. திரையில் இங்கிலீஷில் என்னவோ ஒரு கேள்வி. ஸ்டெப்னி சாருக்குப் போன் போட்டேன்.

"எதையும் அமுக்கல இல்ல?" என்றார் சார்.

"இல்ல சார்."

"கைய பேன்ட் பாக்கெட்ல வுடுங்க. ரெண்டு கையும்."

"போனு புடிச்சிக்கினு கீறேன் சார்."

"அப்ப போன வச்சிட்டு வுடுங்க. வரேன்."

அரை மணி நேரம் பாக்கெட்டில் கை விட்டபடியே நின்றேன். ஏழுமலை நாஷ்டா வாங்கி வந்து ஊட்டவா என்று கேட்டான். சார் வந்தார். சர்வரை அணைத்துவிட்டு ஒரு டிஸ்க்கை உருவினார். சந்தனம். இன்னொன்று. குங்குமம். நாலையும் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெற்றிக் கண்ணாடியை மாட்டி மறுபடியும் பார்த்தார்.

"பொரி கடலயும் வச்சீங்களா?"

"வச்சோம் சார்."

"எது எந்த ஓட்டைல இருந்துச்சு?"

நான் அழாத குறையாக, "தெரில சார்" என்றேன்.

"அது பரவால்ல. அதுங்களுக்குத் தன் ஜோடி யாருன்னு தெரியும்" என்று நாலையும் சொருகி, சர்வரைப் போட்டு, மறுபடியும் வந்த அந்த இங்கிலீஷ் கேள்விக்குப் பதில் அடித்தார். பிறகு ஆரஞ்சு விளக்கு எரிந்த மூன்றாவது டிஸ்க்கை உருவி, அதன் பின்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். வயர் சேருகிற வாயில் சந்தனம் காய்ந்து பூசியிருந்தது. "இது போச்சு. இதோட ஜோடி உயிரோட கீது. பதிவு அத்தனையும் கீது. ஆனா அந்த ஒண்ணுல மட்டும்தான் கீது. வெளிக் காப்பியும் இன்னும் எடுக்கல."

தோள் பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். புது டிஸ்க். அதைச் சொருகினதும் ஜோடியைப் பார்த்துக் காப்பி அடிக்க ஆரம்பித்தது. திரையில் ஒன்று என்று காட்டியது. நூறு ஆக வேண்டும். அதற்குள் அந்த ஒற்றை டிஸ்க்குக்கு எதுவும் ஆகக்கூடாது.

சத்தத்தை நிறுத்திவிட்டு, சார் சாமி படத்துக்குக் கீழே இருந்த கிண்ணத்தைத் தேடினார்.

"இன்னா சார்?"

"மூணு டிஸ்க் பொட்டோட கீது, ஒண்ணு மொட்டையா கீது. மொதலாளி பாத்தா மாட்டிப்பீங்க ணா." புது டிஸ்க்கின் முன் தகட்டில், வயர் சேருகிற வாயிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, தீக்குச்சி நுனியால் ஒரு புள்ளி வைத்தார்.

பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். எட்டிப் பார்த்தார். "டிஸ்க்குக்குக் கூட பூஜ போட்டீங்களா? பலே. இவுரு இன்னா காலைலயே?"

"சும்மா செக்கிங்" என்றார் சார். திரையில் நாற்பத்தொன்று.

இரண்டு மணிக்கு ஆட்கள் வந்தபோது எண்பத்தொன்பது. மூட்டையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து நீட்டி, லாட் நம்பரைச் சொன்னார்கள். ஒற்றை விரலால் அடித்தேன். திரையில் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் செய்யாத பிரார்த்தனை இல்லை. மேரி மாதாவை ஸ்டெல்லா மேடம் பார்த்துக்கொண்டார்.

வந்தது. சுருள் நம்பர், தேதி, எடை, அடித்த மெஷின், கடைசியில் என் பெயர். இன்னும் நாலு வாஷர் கேட்டார்கள். நாலும் வந்தது. கையெழுத்துப் போடும்போது ஒருவர், "யாருங்க இவ்ளோ ஒழுங்கா என்ட்ரி போட்டது?" என்று கேட்டார்.

"எங்க ஸ்டோர்ஸு. நம்ம ஆளு" என்றார் முதலாளி, என் தோளில் கை வைத்து.

அவர்கள் போன பிறகு திரையில் நூறு வந்தது. ஸ்டெப்னி சார் டைரியைப் பையிலிருந்து எடுத்தார்.

"எழுதப் போறீங்களா சார்?"

அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொல்லலியே ணா. ரொம்பப் பயந்து பண்ண தப்பு இது. இதுக்கு இதுல கட்டம் இல்ல" என்று மூடி வைத்தார்.

முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பில்லும் போடவில்லை. டிஸ்க் விலை எட்டாயிரத்து நானூறு. நான் செய்த தப்பு, நான் தருகிறேன் என்றேன். மாதா மாதம் தாங்க என்றார்.

இப்போது எங்கள் சர்வரைப் பார்ப்பது சென்னையிலிருந்து வருகிற வேறொரு பெரிய ஆபீஸ். ஸ்டெப்னி சாருக்கு எங்கள் கம்பெனியில் வேலை இல்லை. ஆனாலும் சம்பளம் போட்ட முதல் சனிக்கிழமை தவணை வாங்கக் கம்பெனி கேட்டுக்கு வந்துவிடுவார். டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்தக் கம்பெனியில் எது கெடப் போகிறது என்று இரண்டு பேரும் ஆசை தீரக் கவலைப்படுவோம்.

முதலில் மாதம் ஆயிரம் கொடுத்தேன். கடன் குறையக் குறைய ஐந்நூறாக்கினேன். பிறகு நூறு. மூன்று மாதமாக ஐம்பதுதான் தருகிறேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வாங்கி, எண்ணி, மறுபடியும் எண்ணிப் பையில் வைத்துக்கொள்கிறார்.

பாக்கி இன்னும் முந்நூற்று ஐம்பது ரூபாய்.